வாசற்படியின் இரு பக்கங்கள்: ஆங்கில நாவலில் வாக்குச் சேகரிப்பு

வாக்குரிமையின் வரலாற்றை அரசறிவியலாளர் பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதி வந்துள்ளனர். எவ்வாண்டில் எத்தகைய சொத்துடையோர் வாக்காளராயினர், எவ்வாண்டில் அவ்வெல்லை தளர்ந்தது என்பனவே அவர்தம் முதன்மையான அக்கறைகள். எனினும், அச்சட்டங்கள் மனிதருக்கிடையிலான உறவுகளாக வெளிப்படும் இடமொன்றுண்டு. அது வாக்காளனின் வீட்டு வாசலாகும். ஆண்டு முழுவதும் அவ்வழியாற் செல்லாத ஒருவர் தேர்தல் நெருங்கியதும் அங்கு வந்து நிற்கிறார். வழக்கமாகப் பணிந்து கேட்பவன் சில நிமிடங்களுக்குக் கேட்கப்படுபவனாகிறான். இத்தலைகீழ் நிலை மெய்யானதா, அன்றி வெறுந் தோற்றமா? இவ்வினாவுக்கு இலக்கியம் எத்தகைய விடையைத் தருகின்றது என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எமது நாட்டுத் தேர்தல் முறை அப்பாராளுமன்ற மரபின் வழிவந்தது. தேர்தலைப் பார்த்துச் சிரிக்கும் முறையையும் எம்மிற் பலர் அம்மரபிலிருந்தே கற்றுக்கொண்டோம். ஆதலின் அச்சிரிப்பின் தன்மையை விளங்கிக்கொள்ளுதல் எமக்கும் அவசியமாகின்றது.

ஒரு வரலாற்றுண்மையை முதலில் மனங்கொள்ள வேண்டும். 1872 ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டம் வரும்வரை பிரித்தானியாவில் வாக்களிப்பு வெளிப்படையாகவே நடைபெற்றது. இன்னார் இன்னாருக்கு வாக்களித்தார் என்ற விபரம் பல தொகுதிகளிற் புத்தகமாக அச்சிடப்பட்டும் வெளிவந்தது. எனவே, அக்காலத்தில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டலை இன்றைய பொருளிற் பிரசாரம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது பின்னர் சரிபார்க்கப்படக்கூடிய ஒரு வாக்குறுதியைப் பெற்றுக்கொள்ளுதலாகும். நிலச்சுவாந்தர் குத்தகைக்காரனிடமும், பெரிய வாடிக்கையாளர் சிறு கடைக்காரரிடமும் கேட்டபோது, கேள்விக்குப் பின்னால் நிலமும் கடன் கணக்கும் நின்றன. வாசலில் நடந்தது உரையாடல். அதனை ஆண்டது பொருளாதார உறவு.

வில்லியம் ஹோகாத் என்ற ஓவியர் 1754 ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்சயர் தேர்தலை அடியொற்றி நான்கு ஓவியங்களைத் தீட்டினார். இன்று லண்டனிலுள்ள சேர் ஜோன் சோன் நூதனசாலையில் அவற்றைக் காணலாம். இரண்டாவது ஓவியத்தின் பொருள் வாக்குச் சேகரிப்பு. நடுவில் ஒரு விவசாயி நிற்கிறான். இரு கட்சிகளின் ஆட்களும் இருபுறத்திலும் நின்று அவனை மொய்க்கின்றனர். அவனது இரு கைகளும் பெறுவதற்கு ஆயத்தமாயிருக்கின்றன. இவ்வோவியம் வகுத்த பாதையிலேயே பின்வந்த நாவலாசிரியர் பலர் நடந்தனர் எனலாம். வாக்காளன் விலைபோகிறவன், வாங்குகிறவன் போக்கிரி, பார்வையாளரான நாமோ இருவருக்கும் மேலே நின்று சிரிப்பவர்கள் என்பதே அப்பாதையாகும்.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1835 டிசெம்பரில் கெற்றரிங் நகரில் நடந்த இடைத்தேர்தலைப் பத்திரிகை நிருபராக நேரிற் கண்டவர். 1836-37 இல் வெளிவந்த ‘பிக்விக் பேப்பேர்ஸ்’ நாவலின் ஈற்றன்ஸ்வில் தேர்தற் காட்சியில் அவ்வனுபவத்தின் சாயலை உய்த்துணரலாம். நீலக் கட்சியின் முகவர் பேர்க்கர், நகரத்துப் பெண்களுக்கு 45 பச்சைக் குடைகளை, ஒன்று ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் வீதம் வாங்கி வழங்கியதைப் பெருமையோடு எடுத்துரைக்கிறார். பெண்களுக்கு வாக்கில்லை, ஆனால் அவர்களூடாகக் கணவரையும் சகோதரரையும் பிடிக்கலாம் என்பது அவரது கணக்கு. எதிர்க்கட்சியோ 33 வாக்காளரை ஒரு விடுதியின் வண்டிக் கொட்டகையிற் பூட்டிவைத்து மதுவில் ஆழ்த்தியுள்ளது. அபேட்சகர் முன்னேற்பாடாகக் கழுவித் துடைக்கப்பட்ட மனிதரின் கைகளைக் குலுக்குகிறார்; குழந்தைகளை முத்தமிடுகிறார். இக்காட்சியின் நகைச்சுவையை நாம் மறுக்கவில்லை. ஆனால், இவ்வளவு ஆரவாரத்துக்கிடையில் வாக்காளர் எவரும் ஒரு தனி மனிதராக உருப்பெறவில்லை. எவருடைய வீட்டினுள்ளும் நாவல் நுழையவில்லை. குடையைப் பெற்ற பெண் எத்தகைய வீட்டில் வாழ்ந்தாள், ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் அவ்வீட்டில் எதனைக் குறித்தது என்ற கேள்விகள் எழவேயில்லை. ஊழல் மனித இயல்பின் வேடிக்கையாகக் காட்டப்படுகின்றது. அதனை உண்டாக்கிய உறவுகள் சிரிப்பொலியில் மறைந்துவிடுகின்றன.

இவ்விடத்தில் ஜோர்ஜ் எலியற் ஒரு பெரிய படி முன்செல்கிறார். 1866 இல் வெளியான ‘பீலிக்ஸ் ஹோல்ற்’ நாவல் 1832 சீர்திருத்தச் சட்டத்தை அடுத்த தேர்தலைக் களமாகக் கொண்டது. அதில் ஜோன்சன் என்னும் முகவர் ஸ்புறொக்ஸ்ரன் கிராமத்தின் சுரங்கத் தொழிலாளருக்கு மது வாங்கிக் கொடுக்கிறார். அவர்களுக்கு வாக்கில்லை என்பது அவருக்குத் தெரியும். வாக்குடையோரை அச்சுறுத்தும் கூட்டமாக அவர்கள் பயன்படுவர் என்பதே அவர் எண்ணம். வாக்கற்றவனும் தேர்தலின் மூலப்பொருளாக்கப்படுவதை இத்துணைத் தெளிவாக அவர் கண்டமை போற்றத்தக்கது. ஆனால் அதற்கு அவர் கண்ட பரிகாரம், தொழிலாளர் முதலில் ஒழுக்கத்தாலும் கல்வியாலும் தகுதி பெறவேண்டும் என்பதே. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்களித்தபின், 1868 ஜனவரியில், பீலிக்ஸ் ஹோல்ற்றின் குரலிலேயே அவர் தொழிலாளருக்கு நிதானத்தைப் போதித்து ஓர் உரையும் எழுதினார். மதுவைக் கொடுத்தவருக்கு அத்தகைய உரையெதுவும் எழுதப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் அவரது ‘மிடில்மார்ச்’ (1871-72) அவரது கொள்கையையே கடந்து நிற்கின்றது. திரு. புறூக் என்னும் நிலச்சுவாந்தர் சீர்திருத்தத்தின் பேரால் அபேட்சகராகி, மோம்சி என்னும் பலசரக்குக் கடைக்காரரிடம் வாக்குக் கேட்கிறார். மோம்சியின் கடைக்கு இரு கட்சியினரும் வருபவர். எனவே அவர் தம் குடும்பத்தையும் பற்றுவரவுப் புத்தகத்தையும் எண்ணியே பேசுகிறார். மனச்சாட்சியும் கணக்கும் அவரிடத்தில் ஒரே மொழியைப் பேசுகின்றன. இதனைவிடச் சிறந்தது இன்னொரு வாசற் காட்சி. தமது குத்தகைக்காரன் டாக்லியின் மகன் முயற்குட்டியொன்றைக் கொன்றதற்காக அவனைக் கண்டிக்குமாறு கூறப் புறூக் டாக்லியின் வீட்டுக்குச் செல்கிறார். குடித்திருந்த டாக்லி, சீர்திருத்தம் வந்து நிலவுடைமையாளரை ஓட்டப்போகிறது என்று அவர் முகத்துக்கு நேரே கூறுகிறான். குடியானவரின் அன்புக்குத் தாம் உரியவர் என எண்ணியிருந்த புறூக் திகைத்துப்போகிறார். உளுத்த தொகுதிகளை ஒழிக்கப் புறப்பட்டவர் தம் பண்ணைகளின் உளுத்த படலைகளைத் திருத்தவில்லை என எதிர்ப்பத்திரிகை எள்ளுவதும் இதனோடு பொருந்துகின்றது. மேடையிற் பேசும் சீர்திருத்தத்துக்கும் டாக்லியின் வாசலில் உள்ள சீர்கேட்டுக்குமிடையிலான முரண்பாடே இங்கு நகைச்சுவையின் ஊற்றாகின்றது. சிரிப்பு முதன்முறையாக மேல்நோக்கித் திரும்புகின்றது.

ஆசிரியரின் பிறப்பும் தொழிலும் அவரது படைப்பை இயந்திரரீதியாகத் தீர்மானிக்கின்றன என நாம் வாதிடவில்லை. எலியற்றின் தந்தை பெருநிலமொன்றின் நிர்வாகியாகக் கடமையாற்றியவர். குத்தகைக்காரரின் வாசலை அக்குடும்பம் நிலவுடைமையாளரின் பக்கத்திலிருந்தே அறிந்திருக்கும். ஆயினும் டாக்லியின் குரல் அந்நாவலிற் கேட்கிறது. பல்சாக்கைப் பற்றி ஏங்கெல்ஸ் 1888 இல் மார்கரற் ஹார்க்னஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்திற் சுட்டிய யதார்த்தவாதத்தின் வெற்றிக்கு இதனையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அந்தனி ட்ரொலப் 1868 இல் பெவர்லி தொகுதியிற் போட்டியிட்டுத் தோற்றவர். அங்கு வாக்குக் கேட்டுத் திரிந்த நாட்களைத் தம் வாழ்வின் மிகத் துன்பமான நாட்களாகச் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். அவ்வனுபவம் ‘றால்ஃப் த எயர்’ (1871) நாவலில் இடம்பெற்றுள்ளது. ஆயின் அதில் மேலோங்குவது அபேட்சகரின் அவமான உணர்வேயாகும். கனவான் ஒருவர் அந்நியரின் வாசலிற் கையேந்தி நிற்க நேர்ந்ததன் கூச்சம் நுட்பமாகச் சித்திரிக்கப்படுகின்றது. ஊழலின் காரணமாக 1870 இல் பெவர்லி தன் பிரதிநிதித்துவத்தை இழந்தது. 1872 இல் வாக்கு இரகசியமாயிற்று. 1883 ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தற் செலவுக்கு வரம்பிட்டதோடு, கூலிக்கு வாக்குச் சேகரிப்போரை அமர்த்துவதையும் தடைசெய்தது. அதன்பின் கட்சிகள் தொண்டர்களை நாடின. வாக்குரிமையற்ற பெண்களும் வீடு வீடாகச் சென்று ஆண்களின் வாக்கைக் கேட்டனர். வாக்கை விலைக்கு வாங்குவது கடினமானபோது, வாக்காளனின் எண்ணத்தைக் கைப்பற்றுவது கட்சிகளின் தொழிலாயிற்று.

இப்புதிய நிலையை உள்ளிருந்து கண்டவர் றொபேட் ட்ரெசல். வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியான அவர் 1911 இல் இறந்தார். அவரது நாவல் 1914 இற் சுருக்கப்பட்டும், 1955 இலேயே முழுமையாகவும் வெளிவந்தது. அதில் மக்ஸ்பறோ நகரத் தொழிலாளர் அடம் ஸ்வெற்றர் என்பவருக்குரிய பெரிய வீட்டைப் புதுப்பிக்கின்றனர். அவர் அந்நகரின் மேயர். பின்னர் தேர்தலில் லிபரல் அபேட்சகர். தொழிலாளர் இரு கட்சிகளாகப் பிரிந்து தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றனர். அபேட்சகரின் கதவுகளுக்கு வர்ணம் பூசுபவனே அவருக்காகத் தன் சகதொழிலாளியோடு சண்டையிடுகிறான். வாக்குக் கேட்பவருக்கும் கேட்கப்படுபவனுக்கும் இடையிலான உறவு தேர்தற் காலத்தில் தொடங்குவதன்று. அவ்வுறவு கூலியில் ஏற்கெனவே இருக்கின்றது என்பதை இவ்வமைப்பு உணர்த்துகின்றது. ட்ரெசலும் தம் தோழரை எள்ளுகிறார். சில இடங்களில் அவ்வெள்ளல் வெறுப்பின் எல்லையைத் தொடுவதும் உண்மையே. அது அந்நாவலின் குறைபாடு. ஆனால் அது அவ்வீட்டிலேயே பசியோடிருக்கும் ஒருவனின் சினம். ஈற்றன்ஸ்வில்லைப் பார்த்துச் சிரிப்பவரின் சிரிப்போடு அதனை ஒப்பிடுதல் தகாது.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் எளிமையானது. தேர்தலைச் சித்திரிக்கும் படைப்பொன்றை மதிப்பிடுமிடத்து, ஆசிரியர் வாசற்படியின் எப்பக்கத்தில் நிற்கிறார் என்று கேட்கவேண்டும். விலைபோகிறவனைக் காட்டுவது எளிது. அவனுக்கு விலை குறித்த உறவைக் காட்டுவதே யதார்த்தவாதியின் பணி.

இவ்வளவுகோல் எமது சமுதாயத்துக்கும் பொருந்துவது. 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் அதனை எதிர்த்திருந்தனர் என்பது நாம் மறக்கலாகாத உண்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தமையால், 1934 வரை அங்கு பிரதிநிதிகள் இருக்கவில்லை. பகிஷ்காரம் முடிந்தபின் அங்கும் புதியதொரு நிலை தோன்றிற்று. தம் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்தோரின் முற்றத்துக்கே வாக்கை நாடிச் செல்லவேண்டியவராயினர் உயர்சாதியினர். அவ்வீட்டு வாக்கைப் பெறலாம். அவ்வீட்டுத் தண்ணீரைப் பெறலாகாது என்பதே சாதிக் கட்டுப்பாட்டின் நியதி. வாக்குரிமை கிடைத்து 37 ஆண்டுகளின் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் அம்மக்கள் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) அவர்கள் பக்கத்தில் நின்று எழுதப்பட்டது.

மலையகத்திலோ நிலை வேறு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்துவந்த 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. பிரசை உரிமைப் பிரச்சினை சட்டத்தளவில் 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்வை நெருங்கியது. ஸ்புறொக்ஸ்ரன் சுரங்கத் தொழிலாளியைத் தேடி வாக்கில்லாதபோதும் ஒரு முகவர் வந்தார். வாக்கிழந்த லயத்துக் காம்பிராக்களின் கதவைத் தட்டுவதற்குக் காரணம் எவருக்கும் இருக்கவில்லை. அபேட்சகரின் கபடத்தை நையாண்டி செய்யும் கதைகளும் நாடகங்களும் எம்மிடையே வேண்டியனவே. அவற்றினும் முதன்மையாக, 1949 இன் பின் அடுத்தடுத்து வந்த தேர்தல்களில் எவரும் தட்டாத அக்கதவுக்கு உள்ளே இருந்தவரின் பார்வையில் அத்தேர்தல்கள் எவ்வாறு தோன்றின என்பதை எழுதும் பொறுப்பு எமது நாவலாசிரியர்க்கு உண்டு. அதனைக் கேட்கும் பொறுப்பு விமரிசகராகிய எமக்குண்டு.