டிஸ்கோ பொத்தானும் கூச்சமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீட்டின் நிலைக்கதவு, பர்மாத் தேக்குத் தூண், எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். வீடு கிடைக்காது. இசை பற்றிய பேச்சில் ‘ரெட்ரோ’ என்ற சொல் அடிபடும்போதெல்லாம் எனக்கு இந்தத் தெருதான் ஞாபகம் வருகிறது.

2009இல் லண்டனிலிருந்து லா ரூ என்ற இருவர் குழுவின் முதல் தொகுப்பு வந்தது. எல்லி ஜாக்சன் பாடினார். இசையைக் கட்டிய பென் லாங்மெய்ட் மேடைக்கு வரவில்லை, படம் எடுக்கவும் நிற்கவில்லை. ஜாக்சன் பிறந்தது 1988இல். யாஸூ போன்றவர்களின் சின்தசைசர் ஆட்டப்பாட்டு அதற்குள் ஓய்ந்துவிட்டது. தான் வாழாத காலத்தின் ஒலியை அவர் தெரிந்தெடுத்துக்கொண்டார். 2011இல் கிராமி விருதும் வந்தது. நல்ல பாட்டுகள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பழைய ஒலி ஒரு தெரிவு. கூச்சம் ஒரு தனிமனித சுபாவம். நம்மிடம் இரண்டுமே அப்படி வந்து சேர்ந்தவை அல்ல.

தமிழ் டிஸ்கோவின் பூர்வீகத்தைத் தேடினால் எங்கள் ஊரையும் தொட்டாக வேண்டும். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு 1947இல் ‘நாம் இருவர்’ கொடுத்தவர் ஏவி. மெய்யப்பன். அந்த நிறுவனம் 1982இல் ‘சகலகலா வல்லவன்’ எடுத்தது. இயக்கிய எஸ்.பி. முத்துராமனும் காரைக்குடிக்காரர். இளையராஜாவின் இசையில் ‘இளமை இதோ இதோ’ அதில்தான் வந்தது. இன்றும் புத்தாண்டு இரவில் டீக்கடை வரைக்கும் ஒலிக்கிறது. (அதே 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங், ரோலண்டு கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் டச்சுக்காரர்கள் மறுபதிப்புச் செய்த பிறகு ‘முன்னோடி’ ஆகிவிட்டார். நம் முன்னோடிகளுக்கு நாள் குறிப்பது எப்போதும் வேறு யாரோ!) ‘இளமை இதோ இதோ’வை 2025இல் ‘குட் பேட் அக்லி’ படம் எடுத்துப் போட்டது, இளையராஜா நீதிமன்றம் போனார். நிலைக்கதவை விற்றவன் யார், வாங்கினவன் யார் என்ற சண்டை.

ஆனால் சினிமா இசைத்தட்டில் மட்டும் இந்த ஒலியைத் தேடுவது பாதி வரலாறுதான். நான் சின்தசைசரைக் கண்டது கொப்புடையம்மன் திருவிழாவின் மெல்லிசைக் கச்சேரியில். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு. வயலின் கூட்டம், புல்லாங்குழல், தாரை எல்லாவற்றையும் ஒரே ஆள் பத்து விரலில் சமாளிப்பார். பெட்டியிலேயே ‘டிஸ்கோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் தாளம் ஓடும். பணமில்லாதவனின் ஆர்க்கெஸ்ட்ரா அது. நாயனக்காரரை ‘சீக்கிரம் முடிங்கண்ணே, ஒம்பது மணிக்குக் கச்சேரி’ என்று கிளப்பிவிட்டதும் அதே பெட்டிதான். இதைச் சொல்லாமல் கீபோர்டுக்குக் கண்ணீர் விடுவது நேர்மையில்லை.

அந்த மேடையில் ஒரு பெண் நிற்பாள். பாட்டு நோட்டை நெஞ்சோடு பிடித்திருப்பாள், கண் நோட்டைவிட்டு நகராது. டிஸ்கோ ஓடும், உடம்பு அசையாது. மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு அவளுடைய அப்பாவோ அண்ணனோ உட்கார்ந்திருப்பார். கூட்டம் ‘ரொம்பக் கூச்சப்படுது பொண்ணு’ என்று சொல்லும். அந்தக் கூச்சம் அவளுடையது மட்டுந்தானா? நாற்காலியில் இருந்தவருடையது, எங்களுடையதும்.

இந்த மேடையின் தொடர்ச்சியாகத்தான் நான் பிரியா ராகுவைக் கேட்கிறேன். ஈழத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போன குடும்பம். வளர்ந்தது செயின்ட் காலனில். வீட்டுக்குள்ளேயே ஓர் இசைக்குழு: அண்ணன் கீபோர்டு, தங்கை தமிழ்த் திரைப்பாட்டு. பருவ வயதில் மேற்கத்தியப் பாட்டோடு மேடையேற வீட்டில் சம்மதம் இல்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விமானக் கம்பெனியில் உதிரிபாகம் கொள்முதல் செய்யும் வேலையில் இருந்துகொண்டு முப்பதை ஒட்டிய வயதில் பாட்டு வெளியிடத் தொடங்கினார். இசையைக் கட்டுவது அதே அண்ணன், ஜாஃப்னா கோல்ட் என்ற பெயரில். 2021இல் ‘டேம்ன் ஷீஸ் தமில்’, 2023இல் ‘சந்தோசம்’.

லா ரூ போல இது முழு மீட்டெடுப்பு அல்ல. ஆர் அண்ட் பியும் நடனத் தாளமும் நம் திரைப்பாட்டின் சாயலும் கலந்தது. தங்கள் பாணிக்கு ‘ராகுவேவி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய ஒலி இங்கே வாங்கிவந்த தூணாக இல்லை. அகதிக் குடும்பத்தின் கூடத்தில் புழங்கிய சாமான், அவ்வளவுதான். எம்.ஐ.ஏ. 2007இல் ‘தளபதி’யின் பாட்டை வெட்டியெடுத்து ஒட்டியபோது அதில் ஒரு கோஷத்தின் வேகம் இருந்தது. இவர்களிடம் கோஷம் இல்லை. வீட்டுப் பேச்சு இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாற்காலி. மேடை ஓரத்தில் காவல் இருக்க வேண்டிய அண்ணன் எழுந்து போய்க் கீபோர்டின் முன் உட்கார்ந்துவிட்டான். காவல்காரன் கூட்டாளியானது சின்ன விஷயமில்லை.

முழுக்க மெச்சவும் முடியவில்லை. வாதம், காதல், கோபம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழ் தலைப்பாகவும் இடையிடையே ஒரு கூவலாகவும் வருகிறது. ‘ஆடலாம் வா’ என்று அழைப்பவர் ஆடவந்த பிறகு நம்மோடு தமிழில் என்ன பேசுகிறார்? முனீஸ்வரன் கோயில் தெரு அங்கேயும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்றே படுகிறது. மகாபலிபுரத்தில் சறுக்குப்பலகை ஓட்டும் சிறுமியைப் பற்றிய ‘கமலி’ என்ற ஆவணப்படம் தந்த தூண்டுதலில் அதே பெயரில் அவர் பாடியது எனக்குப் பிடித்தது. அங்கே அவர் தன் கூச்சத்தை விட்டு இன்னொருத்தியின் துணிச்சலைப் பார்க்கிறார்.

போன மாதம் எங்கள் ஊர்க் கச்சேரிகளில் முப்பது வருஷம் கீபோர்டு வாசித்த பெரியவர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். சொல் ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. விரல் மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும், ‘ரிதம் யாரு தம்பி?’ என்றார். அண்ணன் என்றேன். ‘கூடப் பொறந்தவனா?’ கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘எங்க குழுவுல பாடுன பிள்ளைக்கும் ஒரு அண்ணன் இருந்தான். நல்லா தபேலா வாசிப்பான். ஒரு நாள்கூட அவனை மேடைக்கு வான்னு நாங்க கூப்பிடல’ என்றார்.