தடுப்பு முகாமில் ஒரு வினாக்கொத்து

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் நான்கு பக்கச் சம்மதப் படிவம் ஒன்றுடன் வந்திருந்தார். பல்கலைக்கழக ஆய்வொன்றிற்காக அவரைப் பேட்டி காண விரும்புகிறார்களாம். பெயர் வெளிவராது, எந்நேரமும் விலகிக் கொள்ளலாம், ஒலிப்பதிவு பத்திரமாய் இருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தது. பணம் தருவது யார் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்: அரச பாதுகாப்பு நிதி. "இதில கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் தேடி வாசித்தவற்றுள் ஒரு கட்டுரை எங்களைப் பற்றியதாகவே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

அக்கட்டுரை 2018இல் 'பொலிற்றிக்கல் சைக்கோலஜி' என்ற ஆய்வுச் சஞ்சிகையில் வந்தது. தடுத்து வைக்கப்பட்ட 'பயங்கரவாதிகளின்' தீவிரத்தன்மையைக் களைவது பற்றியது. எழுதியோருள் மேரிலாந்துப் பல்கலைக்கழக உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கி, சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் ரொஹான் குணரட்ன, இலங்கையின் புனர்வாழ்வுத் திட்டத்திலேயே பணியாற்றிய உளவியலாளர் மல்காந்தி ஹெட்டியாராச்சி ஆகியோர் அடங்குவர். 2005இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுடன் 'ஸ்ரார்ட்' என்ற பயங்கரவாத ஆய்வு மையம் அமைக்கப்பட்டதும் இதே மேரிலாந்தில்தான். ஒரு வல்லரசின் பல்கலைக்கழகம், ஒரு நகர அரசின் பல்கலைக்கழகம், ஒரு சிறிய அரசின் தடுப்பு முகாம். கூட்டு இதுதான்.

2009 மே மாதத்தின் பின் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் புனர்வாழ்வு முகாம்களுள் அடைக்கப்பட்டனர். மனிதர் தமக்கொரு மதிப்பைத் தேடுகின்றனர், அது பறிபோகையில் வன்முறையால் அதை மீட்க முயல்கின்றனர், வேறு வழியில் அம்மதிப்பைக் கொடுத்தால் வன்முறையைக் கைவிடுவர் என்பது ஆய்வாளர்களின் கோட்பாடு. தொழிற்பயிற்சியும் கலையும் விளையாட்டும் அம்மதிப்பைக் கொடுத்தனவாம். முழுப் பயிற்சி பெற்றோரிடம் தீவிரத்தன்மை குறைந்தது, குறைந்தளவு பயிற்சி பெற்றோரிடம் அவ்வாறில்லை என்கிறார்கள்.

கோட்பாடு முட்டாள்தனமானதல்ல. அவமானம் மனிதனை எங்கே கொண்டுபோகும் என்பதை எங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. பிரச்சினை வினாக்கொத்தை நிரப்பிய இடத்தில் இருக்கிறது. இவர்கள் குற்றம் சாட்டப்படவில்லை, வழக்கு விசாரிக்கப்படவில்லை. இதைச் சட்டத்துக்குப் புறம்பான பெருந்திரள் தடுத்துவைப்பென 2010இலேயே சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழு கண்டித்தது. இயக்கத்தில் ஒருநாள் இருந்திருந்தாலும் பெயர் பதியும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது பதிந்தவர்களுள் சமையல் செய்தவரும் இருந்தார், கணக்கெழுதியவரும் இருந்தார், கடைசி வருடங்களில் இயக்கம் வீட்டிலிருந்து பலவந்தமாய் இழுத்துப்போன பிள்ளையும் இருந்தது. அத்தனை பேரையும் 'பயங்கரவாதி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது தலைப்பு. இனி அவரிடம், காவலில் இருக்கும்போதே, ஆயுதப் போராட்டம் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வார்? சோதனைச் சாவடியில் நின்ற எவருக்கும் தெரியும், துவக்கு வைத்திருப்பவனுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று.

இரு குழுக்களும் காவலில்தானே இருந்தன, ஆகவே பயம் இரண்டுக்கும் பொது, வித்தியாசம் பயிற்சியால் வந்ததே என்று வாதிடலாம். ஆனால் அதிகம் பயிற்சி பெற்றவர் எதிர்பார்க்கப்படும் பதிலையும் அதிகம் பயின்றிருப்பார் அல்லவா? மனம் மாறியதா, வாய் மாறியதா என்பதை இந்த அளவுகோலால் பிரித்தறிய முடியாது.

இதைவிட என்னை உறுத்தியது இரண்டாவது ஆய்வு. விடுதலையான முன்னாள் போராளிகளை, ஒருபோதும் இயக்கத்தில் சேராத தமிழ் மக்களோடு ஒப்பிடுகிறார்கள். முன்னாள் போராளிகளிடமே தீவிரத்தன்மை குறைவாம்! இதைத் திட்டத்தின் வெற்றியாகக் காண்கிறது கட்டுரை. விடுதலையானவர்களின் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. சனங்களோ ஓரளவு வாய்திறந்து பேசியிருக்கலாம். பேசியதற்குக் கிடைத்த பட்டம் 'கூடிய தீவிரத்தன்மை'. இந்தத் தர்க்கத்தை இன்னும் ஓரடி நகர்த்தினால் முகாமுக்கு அனுப்ப வேண்டியது ஊரை அல்லவா?

அளவுகோலை யார் செய்தது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ஸ்ரார்ட் மையம் பராமரித்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம், 1970 முதலான சம்பவங்களைக் கொண்டது. அதன் மூலம், பிங்கேர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்புக் கம்பனி தன் வாடிக்கையாளருக்காகச் சேர்த்த குறிப்புகள். (1993ஆம் ஆண்டுக்குரியவை அலுவலகம் மாறியபோது தொலைந்து போயின. ஒரு வருடத்துப் பயங்கரவாதம் பெட்டியோடு காணாமற் போயிற்று!) அதன் வரையறைப்படி பயங்கரவாதம் அரசல்லாதோர் செய்வது மட்டுமே. ஆகவே மத்திய வங்கிக் குண்டு அதற்குள் வரும். முள்ளிவாய்க்காலில் விழுந்த அரச எறிகணை வராது. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் நாற்பதாயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாமெனச் சொன்னது அங்கே ஒரு வரியாகவும் இடம்பெற முடியாது.

புலிகளின் கொலைகளை எண்ணக்கூடாதென்று நான் சொல்லவில்லை. எண்ணியே ஆகவேண்டும். 1988இல் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு (யாழ்ப்பாணம்) எல்லோருடைய கொலைகளையும் எண்ணியது: அரசினுடையதை, இந்தியப் படையினுடையதை, இயக்கங்களினுடையதை. எந்த அமைச்சும் அதற்கு நிறுவனம் கட்டிக் கொடுக்கவில்லை. அவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகம் வன்முறையை ஆராய்வதென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

நண்பரின் படிவத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரி 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளிடம், இறக்கும்வரை வெளிவிடமாட்டோமென உறுதி கூறி, வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்தது. 2011இல் பிரித்தானியப் பொலிஸாருக்காக அமெரிக்க நீதிமன்றத்தினூடாக அப்பதிவுகள் கோரப்பட்டன. கல்லூரியின் உறுதிமொழி நிற்கவில்லை. ஒரு பகுதி கைமாறியது. 2014இல் ஜெரி அடம்ஸ் கைதாகி, குற்றம் சாட்டப்படாமல் விடப்பட்டார். 2019இல் இன்னொரு வழக்கில் அப்பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க நீதிமன்றமே மறுத்தது. அதற்குள் பேசியவர்கள் சொந்த ஊரில் காட்டிக் கொடுத்தவர்களாகப் பெயர் வாங்கிவிட்டனர். தலையாட்டிகளைக் கண்ட எங்களுக்கு அந்தப் பெயரின் பாரம் தெரியும்.

நான் நண்பரிடம் ஒரேயொரு கேள்வியை எழுதி அனுப்பச் சொன்னேன்: நீதிமன்றமோ அமைச்சோ கேட்டால் ஒலிப்பதிவைக் கொடுப்பீர்களா? ஆய்வு மாணவி நேர்மையானவர். இரண்டு நாளில் பதில் போட்டிருந்தார். சட்டம் கோரினால் கொடுக்க வேண்டித்தான் வரும், படிவத்தில் அதைச் சேர்க்குமாறு தன் மேற்பார்வையாளரைக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். திருத்திய படிவம் இன்னும் வரவில்லை. பழையது நண்பரின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.