மூன்று தட்டுகள், ஒரே வாசகர்

இன்றைய கத்தோலிக்க வாசகரின் நூலடுக்கில் விவிலியத்திற்கும் 'கிறிஸ்துநாதர் அநுசார'த்திற்கும் அருகே மார்க்சும் அம்பேத்கரும் இடம்பெற்றிருப்பது வியப்பன்று. புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இது இன்னும் இயல்பானது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வேரூன்றிய மண் இது. திருக்கோகர்ணத்தில் 'ஞானாலயா' என்னும் தனியார் நூலகத்தை வளர்த்தெடுத்த மண் இது. ஆயினும், சமயம், மெய்யியல், அரசியல் ஆகிய மூன்றும் அவ்வாசகரின் உள்ளத்தில் ஒன்றோடொன்று உரையாடுகின்றனவா, அன்றித் தனித்தனித் தட்டுகளில் உறங்குகின்றனவா என்று நாம் கேட்டாக வேண்டும்.

கலந்து வாசிப்பது விசுவாசத்திற்கு ஊறு என்று அஞ்சுவோர் உண்டு. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் திருச்சபையில் 1966 வரை நடைமுறையில் இருந்தது உண்மையே. ஆனால் நம் மரபு அப்பட்டியலைவிடப் பழமையானது. புனித அகுஸ்தீனின் உள்ளத்தில் ஞானத்தின் மீது வேட்கையை மூட்டியது, கிறிஸ்தவரல்லாத சிசரோவின் 'ஹொர்தென்சியுஸ்' என்னும் நூல். அப்போது அவருக்கு வயது 19. புனித தோமா அக்குவினா அரிஸ்டாட்டிலைக் கற்றபோது, இசுலாமியரான இப்னு ருஷ்தின் உரைகளையும் கருத்தூன்றிக் கற்றார். ஏற்கவேண்டியதை ஏற்று, மறுக்கவேண்டியதை மறுத்தார். ஒரு நூல் மற்றொரு நூலைக் கேள்வி கேட்க இடங்கொடுப்பதே அவர்கள் காட்டிய நெறி.

அந்நெறியில் இரு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல், தொழிலாளரின் நியாயமான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் வலியுறுத்தியது. அதன் கண்முன் இருந்தது ஐரோப்பியத் தொழிற்சாலை, நம் சேரியன்று. 1936இல் அம்பேத்கர் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' அவ்விடைவெளியைக் காட்டிவிடுகிறது. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்பாளரையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்பது அவர் வாதம். அப்படியானால், சங்கத்தில் ஒன்றாக அமர்வோர் பந்தியிலும் ஒன்றாக அமர்வார்களா? சுற்றுமடலை மட்டும் படித்தவருக்கு இக்கேள்வி எழாது. சாதியின் வேரைச் சாத்திரங்களின் அதிகாரத்தில் கண்டார் அம்பேத்கர். நமக்கோ அந்தச் சாக்கும் கிடையாது. கலாத்தியர் 3:28 நம் பக்கம் அதை அடைத்துவிடுகிறது.

இவ்விரண்டிற்கும் நடுவே வைக்கத்தக்கது 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. பனைமட்டையின் அரம் போன்ற விளிம்பையே நூலின் பெயர் சுட்டுகிறது; இருபுறமும் கூரான வாள் எனத் திருமுகம் கூறும் இறைவார்த்தையையும் ஆசிரியர் அத்துடன் இணைக்கிறார். ஏழைகளுக்குத் தொண்டாற்றத் துறவு மடம் புகுந்த பெண், அங்கும் சாதியைக் கண்டு வெளியேறும் வரலாறு இது. நூல் தெளிவான தீர்வு எதையும் தரவில்லை என்று குறைகூறலாம். நாம் அதைக் குறையெனக் கொள்ளோம். நிறுவனத்தை வன்மையாகச் சாடும்போதும், ஏழைகளின் பக்கம் நிற்கும் இயேசுவை அவர் கைவிடவில்லை. இறையியல் நூல்கள் பல விளக்க முயலும் வேறுபாட்டை அவர் பேச்சுத் தமிழில் உணர்த்திவிடுகிறார்.

இத்தகைய வாசிப்புக்கு உரைகல் நூலகத்தில் இல்லை. 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. தண்ணீரால் திருமுழுக்குப் பெற்று ஒரே உடலானோம் என்று அறிக்கையிடும் நமக்கு இது அயலாரின் செய்தியா? கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் வழக்கம் தமிழகத் திருச்சபையில் பல இடங்களில் இருந்துவந்துள்ளதை அறிந்தோர், அப்படிச் சொல்ல இயலாது.

எனவே, நூல்களின் எண்ணிக்கையைப் பெருக்குமாறு நாம் வேண்டவில்லை. அன்பியக் கூட்டம் ஒன்றில் கலாத்தியர் திருமுகத்தையும் 'சாதி ஒழிப்பை'யும் 'கருக்கை'யும் சேர்த்து வாசியுங்கள். எவர் எந்தப் பக்கத்தில் மௌனமாகிறார் என்பதைக் கவனியுங்கள். உரையாடலை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.