களை என்றொரு தீர்ப்பு

"புதர் மண்டிவிட்டது! இது பூங்காவா, காடா?" நகரத்துப் பூங்காவில் நாலு செடி தன்போக்கில் வளர்ந்துவிட்டால் போதும், இந்தக் குரல் எழுகிறது. உடனே அரிவாள் வருகிறது, சருகு எரிகிறது, பட்டமரம் சாய்கிறது. ஒட்ட நறுக்கிய புல்தரையும் ஒரே உயரத்துக் குரோட்டன்ஸ் வரிசையும் எஞ்சுகின்றன. அழகு வந்துவிட்டதென அகமகிழ்கிறோம். அந்த அழகு எத்தகையது என்று ஆராய்ந்தோமா?

எருக்கை எடுத்துக்கொள்வோம். வேலியோரத்துக் களை என்று வெறுக்கிறோம். ஆனால், வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு உண்டு வளர்வது அந்த எருக்கிலையைத்தான். எருக்கை ஒழித்துவிட்டு, வண்ணத்துப்பூச்சியைக் காணோமே என்று ஏங்குவது எங்ஙனம் பொருந்தும்? விதை முற்றுமுன் புல்லை வெட்டினால் சில்லைக்கு உணவேது? பட்டமரத்தின் பொந்து போனால் கிளிக்குக் குடியேது? களை என்பது செடியின் பிறப்பன்று. நாம் அளித்த தீர்ப்பு. பிறப்பால் இழிந்தோர் இல்லை என்று முழங்கும் நாம், விசாரணையின்றி இத்தீர்ப்பை வழங்கலாமா?

எல்லாவற்றையும் வளரவிடுக என்பதன்று நம் வாதம். சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் பிறவற்றை நெருக்கிப் பரவுவன; அவற்றை அகற்றுவது கடமை. எதை அகற்றுவது என்பதை அறிவு சொல்லட்டும். வழக்கம் சொல்ல வேண்டாம்.

மக்களின் அச்சத்தையும் எள்ளி நகையாடலாகாது. கொசு உண்மை, பாம்பு உண்மை, இருண்ட புதரோரம் தனியே நடக்கும் பெண்ணின் நடுக்கமும் உண்மை. அமெரிக்க அறிஞர் ஜோன் நசாவர் 1995இல் எழுதிய கட்டுரை இதற்கு வழி காட்டுகிறது. ஒழுங்கற்றதாய்த் தோன்றும் இயற்கைக்கு ஒழுங்கான ஓரம் அமைத்தால், அது புறக்கணிப்பன்று, பராமரிப்பே என்று மக்கள் உணர்வர் என்றார் அவர். பாதையோரத்தைச் செப்பனிடுவோம், விளக்கமைப்போம், குளத்தில் கொசுப்புழு தின்னும் நாட்டு மீனை விடுவோம், உட்புறத்தை வளரவிடுவோம், ஏன் வளரவிட்டோம் என்று பலகையில் எழுதிவைப்போம்.

இயலாத செயலா இது? சென்னையில், அடையாற்றுக் கழிமுகத்தில், குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலம் திருத்தப்பட்டு, நாட்டு மரஞ்செடிகள் நடப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டதே! நிலத்துக்குரிய மரத்தையும் விலங்கையும் பறவையையும் கருப்பொருளென வகுத்த நூலின் பெயர், அந்நிலத்துக்குப் பொருந்தியது. ஏனைய பூங்காக்களுக்கு அந்த இலக்கணம் விலக்கா?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கினார் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். பாரியைப் பாடுகையில் எருக்கம்பூவையும் அவர் ஒதுக்கவில்லை. வகுப்பறையில் அப்பூக்களின் பெயர்களை மாணவர்க்கு மனப்பாடமும் செய்விக்கிறோம். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இவற்றுள் பத்தையேனும் நம் ஊர்ப் பூங்காவில் காட்டுங்கள்" என்று கேட்டால் எதைக் காட்டுவோம்? அரிவாள் போன தடத்தையா?