ஓரிரவு உல்லாசமும் ஜிசேலின் கல்லறையும்

பாரிஸ் மாநகரின் ஓபரா சதுக்கத்தருகே 1862-ஆம் ஆண்டிலேயே ஒரு பெருவிடுதி திறக்கப்பட்டது. அதன் எதிரே ஷார்ல் கார்னியே எழுப்பிய ஓபரா மாளிகை திறக்கப்பட்டதோ 1875-இல்தான். அரங்கம் முந்தியதா, காண வருவோரின் பஞ்சணை முந்தியதா என்று கேட்டால், பஞ்சணைதான் முந்தியது! ஓரிரவுத் தங்கல், உயர்தர விருந்து, மாலையில் பாலே நடனம் எனச் செல்வர்க்கு இன்று விற்கப்படும் உல்லாசம் நேற்று முளைத்த வழக்கமன்று என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

அம்மாளிகையில் ஆடப்பெறும் பாலேக்களுள் 'ஜிசேல்' ஒன்று. அடால்ஃப் ஆதாமின் இசையில், 1841-இல் அதே நகரின் பழைய ஓபரா அரங்கில் அரங்கேறியது. அல்பிரெக்ட் என்னும் பிரபு தன் வாளையும் மேலங்கியையும் ஒரு குடிசையில் ஒளித்துவைத்து, எளியவன் வேடத்தில் ஜிசேல் என்னும் குடியானவப் பெண்ணின் காதலைப் பெறுகிறான். அவனுக்கு ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்ட சீமாட்டி ஒருத்தி உண்டு. உண்மை வெளிப்பட்டதும் ஜிசேல் சித்தம் கலங்கி மாள்கிறாள்.

இதை வெறும் காதற்கதை என்பாருண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அல்பிரெக்ட் மேற்கொண்டதும் ஓர் உல்லாசப் பயணமே. திராட்சை அறுவடை நடக்கும் சிற்றூர் அவனுக்கு விடுமுறை. ஜிசேலுக்கோ அதுவே வாழ்வு. அவனுக்குத் திரும்பிச் செல்ல அரண்மனை இருக்கிறது, அவளுக்குக் கல்லறை. செந்நிற வெல்வெட் இருக்கையில் அமர்ந்து, மேடையில் ஆடும் உழைப்பாளரைக் கண்டு மகிழும் நாம் மட்டும் யார்?

இரண்டாம் அங்கமே இப்படைப்பின் உயிர். மணநாளுக்கு முன்னரே மாண்ட கன்னியரின் ஆவிகள் நள்ளிரவில் எழுந்து, எதிர்ப்படும் ஆடவரைச் சாகும்வரை ஆடவைக்கின்றன. மலர்களோடு கல்லறைக்கு வந்த அல்பிரெக்டை ஜிசேல் தன் சிலுவையின்கீழ் நிறுத்துகிறாள். அதன்முன் ஆவிகளின் அரசியான மிர்த்தாவின் மந்திரக்கோல் முறிகிறது. ஆயினும் அவன் அங்கிருந்து ஈர்க்கப்பட்டு ஆட நேர்கிறது. விடியற்காலை மணி ஒலிக்கும்வரை அவளும் உடன் ஆடி அவனைத் தாங்குகிறாள். பாலேயில் பேச்சில்லை. 'மன்னித்தேன்' என்று அவள் சொல்வதில்லை. களைத்து விழுபவனுக்குப் பதிலாகத் தானே ஆடுகிறாள். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியுள்ள நமக்கு இக்காட்சி சற்று வெட்கத்தையே தந்தது.

1841-ஆம் ஆண்டின் மூலக்கதையில், ஜிசேல் அவனைச் சீமாட்டியிடமே ஒப்படைத்து மறைகிறாள். இன்றைய தயாரிப்புகள் பலவற்றில் சீமாட்டி வருவதில்லை. அவன் தனித்து நிற்கத் திரை விழுகிறது. பின்னதே மேல் என்போம். மன்னிப்புப் பெற்றவன் அந்த விடியலிலேயே பழைய சுகத்திற்குள் நுழைந்துவிட்டால், அவள் இரவெல்லாம் ஆடியதற்கு என்ன பொருள்? திரை விழுந்த அரைமணியில் விடுதியின் இராவிருந்துக்கு விரையும் பார்வையாளர்க்கும் இக்கேள்வி உரியதே.

மேடையில் எடையற்றவராய் மிதக்கும் அந்த ஆவிகளும் சம்பளத்திற்கு உழைப்பவர்களே. பாரிஸ் ஓபராவின் நடனக் கலைஞர்கள் 42 வயதில் ஓய்வுபெறும் உரிமை உடையவர்கள். அதற்குமேல் உடல் தாங்காது. அந்த ஓய்வூதிய முறையை அரசு மாற்ற முனைந்தபோது வேலைநிறுத்தத்தில் இறங்கினர். காட்சிகள் பல நின்றுபோயின. 2019 டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்பு நாளில், வெண்ணுடை நங்கையர் மாளிகையின் வாயிற்படிகளுக்கு வந்து, திறந்த வெளியில், குளிரில், 'அன்னப்பறவை ஏரி'யின் ஒரு பகுதியை ஆடினர். அன்று நுழைவுச்சீட்டு எவருக்கும் தேவைப்படவில்லை. சாலையில் சென்றவர்கள் நின்று பார்த்தனர்.