இளைஞர் பட்டியலில் அவள் எங்கே?

ஐ.நா.வின் ‘புதிய நகர்ப்புறச் செயல்திட்ட’த்தைக் கல்லூரி மாணவிகள் சிலருடன் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். 2016 அக்டோபரில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் நடந்த மூன்றாம் ஹாபிடாட் மாநாட்டில் ஏற்கப்பட்ட ஆவணம் அது. நகரங்கள் இனி எப்படி அமைய வேண்டும் என்பதை 175 பத்திகளில் பேசுகிறது. இளைஞர் பங்கேற்பைப் பற்றிய 61ஆவது பத்திக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. பெரும்பாக்கத்திலிருந்து வரும் மாணவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இந்த பஸ்ஸ விட்டா வீட்டுல கேள்வி கேப்பாங்க மேம்” என்றாள். அந்தப் பத்தியை அவள் இல்லாமலேதான் வாசித்தோம்.

அந்தப் பத்தியில் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. ‘இளைஞர்’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடாமல் சிறுமிகளையும் இளம்பெண்களையும் தனியே குறிப்பிடுகிறது. அவர்களுடைய அர்த்தமுள்ள பங்கேற்பு இன்றியமையாதது என்கிறது. ஆனால் அது இடம்பெற்றிருப்பது நகரப் பொருளாதாரம் பற்றிய பகுதியில். ‘மக்கள்தொகை ஈவை’ அறுவடை செய்வதில்தான் பத்தியே தொடங்குகிறது. இளைஞர் என்றால் முதலில் உழைக்கும் கைகள், பிறகுதான் பேசும் வாய்கள். பெண்கள் மீது வீட்டிலும் பொதுவெளியிலும் நடக்கும் வன்முறையை ஒழிப்போம் என்ற உறுதி வேறோர் இடத்தில் நிற்கிறது.

மாநாட்டையொட்டி உருவான பங்காளர் பொதுப்பேரவையிலும் இதே பிரிவினைதான். அதன் 16 குழுக்களில் பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இன்னொன்று. இருபது வயதுப் பெண் எதில் உட்காருவாள்? நம் ஊர்க் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். பெண்கள் கூட்டத்தில் அவள் ‘சின்னப் பொண்ணு’; இளைஞர் கூட்டத்தில் வரவேற்புரை வாசிப்பவள், குறிப்பெடுப்பவள்.

தமிழிலும் ‘இளைஞர்’ என்றதும் மனதில் வருவது ஆண்தான். ‘இளைஞி’ அபூர்வமாகவே புழங்குகிறது. ‘வாலிபர்’ என்பதற்குப் பெண்பாலே இல்லை. ஹாபிடாட் அமைப்பின் நகர்ப்புற இளைஞர் நிதி 15 முதல் 32 வயது வரையிலானவர்களுக்கானது. இந்தப் பதினேழு ஆண்டுகளில் நம் வீட்டுப் பையன் ஊர் சுற்றுகிறான், சங்கம் வைக்கிறான், தேர்தல் வேலை பார்க்கிறான். அதே ஆண்டுகளில்தான் பெண்ணுக்கு வரன், கல்யாணம், பிரசவம், கைக்குழந்தை. வயது வரம்பு இருவருக்கும் ஒன்று. கையில் இருக்கும் நேரம் ஒன்றல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆவணத்தின் வாசகம் செப்டம்பரிலேயே நியூயார்க்கில் அரசுகளுக்கிடையே முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் கீட்டோவில் சுமார் 30,000 பேர் கூடினார்கள், பேசினார்கள். அந்த வாசகத்தை மாற்றும் கட்டம் அதற்குள் தாண்டிவிட்டிருந்தது. மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு, ‘உனக்குச் சம்மதம்தானே?’ என்று பெண்ணைக் கேட்பது நமக்குப் புதிதில்லை. அதை யாரும் உரையாடல் என்று சொல்வதில்லை.

இதனால் சர்வதேச மேடைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு வழியும் இருக்கிறது. 1989இல் டொரன்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு பாதுகாப்புத் தணிக்கை முறையை உருவாக்கியது. பெண்களே தெருக்களில் நடந்து, எங்கே விளக்கில்லை, எங்கே பயமாக இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். பின்னர் அந்த முறை ஐ.நா.வின் நகரப் பாதுகாப்புப் பணிகள் வரை போனது. அங்கே அறிவு தெருவிலிருந்து மேடைக்குப் போயிற்று.

அடுத்த வாரம் வாசிப்பை மதியத்துக்கு மாற்றினோம். அந்த மாணவியும் இருந்தாள். தன்னிச்சையான கட்டாய வெளியேற்றத்தைத் தடுப்போம் என்ற வரியை இரண்டு முறை வாசித்தாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. 2021இல் குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. ஹாபிடாட் என்ற சொல் தமிழாகி அவள் குடியிருப்பின் பெயர்ப்பலகைக்கே வந்துவிட்டது.

“எங்கள இங்க அனுப்புறதுக்கு முன்னாடி யார் கேட்டாங்க மேம்?” என்றாள்.

இளைஞர் பங்கேற்பு பற்றிய எந்த ஆவணத்தையும் இனி இந்தக் கேள்வியை வைத்துத்தான் வாசிக்கப்போகிறேன்: முடிவுக்கு முன்னா, பின்னா? அவள் வரக்கூடிய நேரத்திலா, வர முடியாத நேரத்திலா?