ஹக்கோடா, ஹக்கோடா!

இடியாப்ப மாவு சலிக்கும்போது சல்லடையிலிருந்து ஒரு சத்தம் வருமே, ஸ்ஸ்ஸ் என்று, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும், அந்தச் சத்தம்தான். இடுப்பளவு பனிக்குள் ஸ்கீ போகும்போது அது ஒன்றுதான் கேட்கிறது. ஹக்கோடாவிலிருந்து டோக்கியோ திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. ரயிலில் கண்ணை மூடினால் ஸ்ஸ்ஸ், ஆபீசில் மீட்டிங் நடுவே ஸ்ஸ்ஸ், நேற்று ராத்திரி சோறு வடிக்கும்போதுகூட ஸ்ஸ்ஸ். நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் இப்படிப் பைத்தியமாக ஆகலாமா என்று கேட்டால், ஆகலாம், தாராளமாக ஆகலாம், ஒருமுறை போய் வாருங்கள், பிறகு நாம் பேசுவோம்.

ஆறு குளிர்காலமாக ஸ்கீ பழகுகிறேன். இதுவரை இறங்கியதெல்லாம் வாரிச் சீவிய சரிவுகள். ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலிச் சக்கர வண்டி வந்து பனியை நசுக்கி, சீப்பால் இழுத்த மாதிரி வரி வரியாக விட்டுப் போகும். காலையில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதுவும் சுகம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஃப்ரீரைடு வேறு. அங்கே யாரும் பாதை போட்டு வைப்பதில்லை. பள்ளம் இருந்தால் பள்ளம், மேடு இருந்தால் மேடு, இரண்டு மரத்துக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் வழி. ஜப்பானில் இதற்குப் பேர்போன இடங்கள் பல உண்டு. ஹொக்கைடோவின் நிசெக்கோவில் மலைமேல் கேட் கேட்டாக வைத்து, நிலைமை சரியாக இருந்தால் மட்டும் திறந்துவிடுவார்கள். அசாஹிடாக்கேயில் எரிமலை ஆவி புகைகிற சரிவுக்குப் பக்கத்திலேயே சறுக்கலாம். நாகானோவில் ஹக்குபா, உலக ஃப்ரீரைடு போட்டித் தொடரே வந்து இறங்கிய ஊர். எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள். நான் போனது ஹொன்ஷு தீவின் வடகோடியில், அவோமோரியில் இருக்கும் ஹக்கோடாவுக்கு. குறித்து வைத்த பாதை என்று அங்கே பெரிதாக இரண்டுதான், அதிலும் கம்பம் நட்டு வழி காட்டியிருப்பார்கள், அவ்வளவே. மீதியெல்லாம் மலை!

டோக்கியோவில் ஷின்கான்சென் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஷின்-அவோமோரி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே சாலையின் இரு பக்கமும் பனிச் சுவர், ஆள் உயரத்துக்கு. பஸ் மலையேற ஏற அந்தச் சுவரும் கூடவே ஏறுகிறது. இதற்கே நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் இங்கே இவ்வளவு கொட்டுகிறது தெரியுமா? சைபீரியாவிலிருந்து உலர்ந்த கடுங்குளிர்க் காற்று கிளம்பி ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அடியில் ஓடுவதோ தெற்கிலிருந்து வரும் சுஷிமா வெப்ப நீரோட்டம். காற்று வழி நெடுக அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து வருகிறது, கரையேறியதும் மலை குறுக்கே நிற்கிறது, குடித்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. ஹக்கோடா அடிவாரத்துச் சுக்காயு வெந்நீரூற்றில் 2013 பிப்ரவரி 26 அன்று தரையில் கிடந்த பனியை அளந்தார்கள், 566 செ.மீ.! மாடி வீட்டின் மேல்தள ஜன்னலே மூடிப்போகும். அத்தனை பனியும் ஈரக் கட்டியாக இருந்தால் யாருக்கு என்ன லாபம்? இல்லை, குளிரின் கணக்கு அங்கே அவ்வளவு கச்சிதம். நட்சத்திரம் நட்சத்திரமாக விழுகிறது, ஒன்றின் கை இன்னொன்றில் மாட்டிக்கொண்டு நடுவில் காற்றை அடைத்துக்கொள்கிறது. கையுறையில் ஒரு பிடி அள்ளினேன், கனமே இல்லை. ஊதினேன், இலவம்பஞ்சு மாதிரி பறந்துபோய்விட்டது, கையில் ஒன்றும் மிச்சமில்லை.

போன அன்று காலையில் ரோப்வே ஓடவில்லை. காற்று. இந்த மலையில் அது சகஜம், குறை என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம், நான் சொல்லப்போவதில்லை. அடிவார நிலையத்தில் அகலமான ஸ்கீகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஐம்பது அறுபது பேர் காத்திருந்தோம். யார் முகத்திலும் சலிப்பு இல்லை, ஏனென்றால் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது, காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்காகப் பனி ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் கைடு அறுபதைத் தாண்டிய மனிதர், இந்த மலையிலேயே வளர்ந்தவர். ஒவ்வொருவர் மார்பிலும் கட்டியிருந்த பீக்கன் கருவியைச் சோதித்தார். பனிச்சரிவில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். முதுகுப்பையில் மடக்கு மண்வாரியும், குத்திப் பார்க்கிற நீளக் கம்பியும் இருக்கிறதா என்று பார்த்தார். மரத்தடிக்குக் கிட்டே போகாதீர்கள், தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி நிறையாமல் குழி இருக்கும், தலைகீழாக உள்ளே போனால் தானாக எழுந்து வர முடியாது, அதனால் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன், ஆனால் காது முழுக்க ஒலிபெருக்கிமேல். பதினொன்றேகாலுக்கு அது கரகரத்தது. ரோப்வே கிளம்புகிறது! முன்பின் தெரியாத ஐம்பது பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

நூறு பேர் நிற்கக்கூடிய பெட்டி, பத்து நிமிடப் பயணம். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வருகிறேன். கீழே முதலில் பீச் (beech) மரக்காடு, இலையெல்லாம் உதிர்த்து, பென்சிலால் கோடு போட்ட மாதிரி. கொஞ்சம் மேலே ஃபிர் மரங்கள், பனியைச் சுமந்து தோள் தொங்கி நிற்கின்றன. அதற்கும் மேலே, மரமே இல்லை. மரம் இருந்த இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள். ஜுஹ்யோ! பனிப் பூதங்கள்! படத்தில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், எதிரே கூட்டமாக நின்றபோது வாயடைத்துப் போனேன்.

உச்சி நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் முதல் காரியமாக ஒரு பூதத்திடம் ஓடினேன். கிட்டே போய்ப் பாருங்கள், கை வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பச்சை ஃபிர் மரம்தான். மேகத்தில் மிதக்கும் நீர்த்துளி பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே காற்றில் ஓடிவருகிறது, கிளையில் மோதிய நொடியே உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. வேடிக்கை என்னவென்றால், காற்று தள்ளுகிற பக்கமாக அது நீள்வதில்லை, காற்று வருகிற திசையைப் பார்த்தே வளர்கிறது. ஒவ்வொரு நுனியும் இறால் வால் போல விரிந்து, அடுக்கடுக்காக, வெள்ளை வெளேரென்று. ஜப்பானியர்களும் அதை 'எபி நோ ஷிப்போ' என்கிறார்கள், இறால் வால் என்றுதான் அர்த்தம். விரல் நுனியால் ஒன்றைத் தொட்டேன், கிணுக் என்று உடைந்து விழுந்தது. மன்னித்துவிடு என்று அந்தப் பூதத்திடம் தமிழில் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். காலில் அகலமான ஸ்கீ மாட்டியாயிற்று. எதிரே வெள்ளை. கைடு 'யுக்குரி' என்கிறார், மெதுவாக என்று அர்த்தம், சொன்ன மனிதர் அடுத்த நொடி கண்ணில் இல்லை, பூதங்களுக்கு நடுவே ஒரு வெண்புகை மட்டும் வளைந்து வளைந்து போகிறது. நானும் விட்டேன். முதல் திருப்பத்தில் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழே நான் இல்லை, தரை என்று ஒன்று இல்லை, ஸ்கீ உள்ளே அமிழ்கிறது, ஐயோ மூழ்கிவிட்டேன் என்று நினைக்கும்போதே அடியிலிருந்து ஏதோ என்னை மெத்தென்று தூக்குகிறது, தூக்கித் தூளி ஆட்டுகிற மாதிரி அந்தப் பக்கம் விடுகிறது, மறுபடி அமிழ்கிறேன், பனி மார்பில் மோதி முகத்தில் எகிறி வாய்க்குள் போகிறது, மூச்சை உள்ளே இழுத்தால் பனி, சிரித்தால் பனி, கண்ணாடியில் ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை, மறுநொடி பூதம் ஒன்று விலகி வழிவிடுகிறது, அதன் பின்னே இன்னொன்று, அதற்குள் சரிவு செங்குத்தாகி வயிறு தொண்டைக்கு வருகிறது, ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ், பூதங்கள் தீர்ந்து ஃபிர் காடு வந்து அதுவும் தீர்ந்து சட்டென்று பீச் காட்டுக்குள் விழுந்தேன், அங்கே காற்றே இல்லை, சாம்பல் நிற மரங்கள் தாராளமாகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன, நான் எந்தப் பக்கம் பார்க்கிறேனோ அந்தப் பக்கம் ஸ்கீ போகிறது, யோசிக்கவே இல்லை, இரண்டு மரம், இடைவெளி, இரண்டு மரம், இடைவெளி, யாரோ ஓவென்று கத்திக்கொண்டே வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கப்போனேன், கத்தியது நான்தான்!

விழவும் செய்தேன். ஸ்கீ முனை எதிலோ இடறி, முன்பக்கமாகத் தூக்கிப் போட்டு, தோள்வரை புதைந்தேன். வலி? ஒரு துளி இல்லை. மெத்தைக் கடையில் சின்னப் பையனை அவிழ்த்துவிட்ட மாதிரி அப்படியே கிடந்தேன். மேலேயிருந்து பனி இறங்கி இமையில் உட்கார்கிறது, அப்படி ஒரு அமைதி. கண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். கைடு வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பக்கத்து பீச் மரத்தைக் காட்டினார். வழவழப்பான பட்டையில் என் கண் உயரத்துக்கு ஐந்தாறு கறுத்த கீறல்கள், பக்கம் பக்கமாக. கரடி நகம். இலையுதிர் காலத்தில் பீச் கொட்டை தின்ன ஏறியிருக்கிறது. "எவ்வளவு பெரிய கரடி!" என்று நான் வாயைப் பிளக்க, அவர் கீழே கையைக் காட்டினார். கரடி பெரிதில்லை, மரத்தில் வெகு உயரம் ஏறியிருக்கிறது. தரை எங்கோ மூன்று மீட்டருக்குக் கீழே கிடக்கிறது, நாங்கள் நின்றதே கிளைகளுக்கு நடுவில்தான்!

இரண்டாவது முறை மேலே ஏறியபோது அவர் கிழக்குப் பக்கம் கையைக் காட்டிப் பேசாமல் நின்றார். 1902 ஜனவரியில் அவோமோரி ராணுவ முகாமிலிருந்து 210 பேர் பயிற்சிக்காக இந்தப் பனிக்குள் நடந்து வந்தார்கள். புயல் பிடித்துக்கொண்டது. 199 பேர் பிழைக்கவில்லை. அந்த நாட்களில்தான் ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் மைனஸ் 41 டிகிரி பதிவானது, ஜப்பானில் அதைவிடக் குளிர் அதிகாரபூர்வமாக இன்றுவரை பதிவானதில்லை. பனிக்குள் நின்றபடியே கண்டெடுக்கப்பட்டுப் பிழைத்த கோத்தோ என்ற கார்ப்பரலுக்கு இங்கே வெண்கலச் சிலை இருக்கிறது. காட்டுச் சறுக்குத் தடங்களில் ஒன்றுக்கு 'தோஸோ', அதாவது வெண்கலச் சிலை என்றே பெயர். அவர்கள் காலில் ஸ்கீ இல்லை, ஜப்பான் ராணுவம் அதை இன்னும் பழகியிருக்கவில்லை. 1911 ஜனவரி 12 அன்றுதான் நீகாட்டாவின் தக்காடாவில் ஆஸ்திரிய அதிகாரி தியோடோர் ஃபான் லெர்ச், ஒற்றைக் கம்பு ஊன்றிச் சறுக்கும் முறையைச் சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒன்பதே வருடம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. கைடு தொப்பியைக் கழற்றினார், நானும் ஹெல்மெட்டைக் கழற்றினேன். பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல் இறங்கினோம். அந்த இறக்கமும் அவ்வளவு அழகாக இருந்தது.

மொத்தம் நான்கு முறை. நான்காவதில் தொடை இரண்டும் துணி பிழிகிற மாதிரி முறுக்கியது. ஐந்தாவது உண்டா என்று கேட்டேன், ரோப்வே மூடிவிட்டார்கள்.

ராத்திரி சுக்காயுவில் தங்கல். காயம்பட்ட மான் ஒன்று இந்த ஊற்றில் நனைந்து ஆறிப் போனதாம், மான் வெந்நீர், ஷிக்கா-யு, அதுவே மருவிச் சுக்காயு ஆயிற்றாம். ஹிபா மரத்தால் கட்டிய பெரிய கூடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, பேரே ஆயிரம் பேர் குளியல். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் குளிக்கிற பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது, எல்லை மட்டும் குறித்திருக்கிறார்கள். கந்தக வாசனை, பால் மாதிரித் தண்ணீர், நாக்கில் பட்டால் எலுமிச்சைப் புளிப்பு. தொட்டியையே ஊற்றின் தலைமேல் வைத்திருப்பதால் வெந்நீர் அடிப்பலகை வழியே குமிழ்விட்டு வருகிறது. முறுக்கிய தொடையை அதற்குள் இறக்கினேன் பாருங்கள், அம்மாடி!

எதிரே கழுத்தளவு தண்ணீரில் ஒரு தாத்தா, தலையில் துண்டு. இன்று எங்கே இறங்கினாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் ஆரம்பித்தேன், பூதம், பீச் காடு, கரடி, வார்த்தை போதவில்லை, இரண்டு உள்ளங்கையையும் ஸ்கீயாக்கித் தண்ணீர்மேல் வளைத்து வளைத்துக் காட்டினேன், அவர் முகத்தில் தெறித்தது, அவர் துடைக்கவே இல்லை, சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அஷ்தா மோ ஃபுரு யோ" என்றார். நாளைக்கும் கொட்டும்.

இடுப்பளவு வெந்நீரில் நின்றபடி அங்கேயே ஒரு குதி குதித்தேன்.